பழைய டிப்பர் பெட்டிக்கு எவ்வளவு குடுக்கலாம்? மினி டிராக்டர் வெச்சிருக்கறவங்களுக்கு முழு வழிகாட்டி

"அண்ணா, காங்கயத்துப் பக்கம் ஒரு பழைய டிப்பர் நிக்குது, 85 சொல்றாங்க, குடுக்கலாங்களா?" இப்படி ஒரு போட்டோவ அனுப்பி கேக்கறவங்க மாசத்துக்கு ரெண்டு பேராச்சும் இருக்காங்க. போட்டோவுல பச்சை பெயிண்ட் பளபளன்னு இருக்கும், டயருக்கு கருப்பு அடிச்சு நிறுத்தியிருப்பாங்க, பெட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. அத வெச்சு விலை சொல்ல முடியாதுங்க. பழைய டிராக்டருக்குன்னா மாடல், வருசம், ஓடின மணி நேரம்னு ஒரு பிடிமானம் இருக்குது, நாலு ஊர்ல விசாரிச்சா விலை சுமாரா ஒண்ணாத்தான் வரும். டிப்பருக்கு அப்படி இல்ல. பெரும்பாலும் அந்தந்த ஊர் பட்டறையில, வாங்கறவர் சொன்ன அளவுக்கு, அன்னைக்கு கெடச்ச தகடு, சானல்ல (ப மாதிரி மடிஞ்ச இரும்புச் சட்டம்) கட்டினது. பக்கத்து பக்கத்துல நிக்கற ரெண்டு பெட்டி பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணு 70 ஆயிரத்துக்கு லாபம், இன்னொண்ணு 40க்கே நட்டம்.

நான் சொல்லப்போறது 15ல இருந்து 25 எச்பி வரைக்கும் இருக்கற சின்ன டிராக்டருக்கு, அதாவது மஹிந்திரா யுவராஜ், விஎஸ்டி சக்தி, குபோட்டா மாதிரி தென்னந்தோப்புக்குள்ளயும் பாக்குத் தோப்புக்குள்ளயும் நுழையற வண்டிகளுக்குப் பின்னால மாட்டி இழுக்கற டிப்பர், அதாவது பெட்டியத் தூக்கிக் கொட்டற டிரைலர் பத்தி. பவர் டில்லர்ல மாட்டற கையால கவுக்கற பெட்டிக்கும் இதுல முக்காவாசி பொருந்தும், எண்ணெய் அழுத்தத்துல பெட்டியத் தூக்கற ஹைட்ராலிக் ஜாக்கி மட்டும் இருக்காது.

விசயம் ஒண்ணுதாங்க. விக்கறவர் சொல்ற விலையில இருந்து கீழ இறங்கி வராதீங்க, நீங்களே ஒரு விலையக் கட்டிட்டு அதுக்கப்புறம் பேச உக்காருங்க. அதுக்கு கீழ ஒரு கோடு, மேல ஒரு கோடு வேணும். கீழ்க்கோடு, அந்தப் பெட்டிய பழைய இரும்புக்குப் போட்டா என்ன கெடைக்கும். மேல்கோடு, அதே அளவுல இன்னைக்கு புதுசா கட்டினா என்ன ஆகும். நியாயமான விலை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கியோ இருக்குது, அது எங்கன்னு கண்டுபிடிக்கறதுதான் மீதி வேலையெல்லாம்.

மொதல்ல உங்களுக்கு என்ன அளவு வேணும்னு முடிவு பண்ணுங்க

இத பண்ணாமப் போறவங்கதான் பெரிய பெட்டி கம்மி விலைன்னு வாங்கிட்டு வந்து அவதிப்படறாங்க. கணக்கு சுலபம். 7 அடி நீளம், நாலரை அடி அகலம், ஒண்ணேகால் அடி உசரம்னு ஒரு பெட்டி இருந்தா 39 கன அடி சொச்சம் வருது. அதுல மட்டமா எம்சேண்ட் போட்டா கன அடிக்கு சுமார் 45 கிலோன்னு வெச்சாலும் ஆயிரத்து எழுநூறு கிலோவுக்கு மேல போயிரும். அதே பெட்டியில காஞ்ச மாட்டுக் குப்பை அடிச்சா அதுல பாதிகூட வராது. அதனால தோட்டத்துக்கு குப்பை, தேங்காய் மட்டை, சோளத்தட்டு மட்டும் ஏத்தறவங்க பெட்டி உசரம் ஜாஸ்தியா பாத்துக்கலாம். மண்ணு, மணல், ஜல்லி ஏத்தறவங்களுக்கு உசரமான பெட்டி ஆபத்து, ஏன்னா எடம் இருக்கேன்னு ஆளுங்க நெறைய வெட்டிப் போட்டுருவாங்க, 18 எச்பி வண்டியில மேட்டுல ஏறும்போது முன்சக்கரம் தூக்கும், எறக்கத்துல பெட்டி வண்டியத் தள்ளிட்டுப் போகும். உங்க டிராக்டர் புத்தகத்துல எவ்வளவு எடை இழுக்கலாம்னு போட்டிருக்கும், அதப் பாத்துட்டுப் போங்க.

உங்களுக்கு வேண்டாத அளவுக்கு நீங்க காசு குடுக்கத் தேவையில்லீங்க. 10 அடி பெட்டி 7 அடி பெட்டி விலைக்கு வருதுன்னா அது உங்களுக்கு லாபம் இல்ல.

கீழ்க்கோடு: எடை மேடைச் சீட்டு

விக்கறவர் ஒத்துக்கிட்டா பெட்டிய ஒரு தடவ எடை மேடையில ஏத்துங்க. டிராக்டரோட ஒரு எடை, பெட்டியக் கழட்டி விட்டுட்டு டிராக்டர் மட்டும் ஒரு எடை, கழிச்சா பெட்டியோட எடை. ரெண்டு சீட்டுக்கு ஆகற செலவு ஒண்ணும் பெருசில்ல. இத யாரும் பண்றதில்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப உதவற வேலை.

எடை மேடை பக்கத்துல இல்லைன்னா டேப் போதும். இரும்புத் தகடு 1 எம்எம் கனத்துக்கு ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ. சதுர அடிக்கு மாத்தினா 1 எம்எம்முக்கு 0.73 கிலோ, அப்ப 3 எம்எம் தகடு சதுர அடி சுமார் 2.2 கிலோ, 4 எம்எம் 2.9 கிலோ. மேல சொன்ன 7 அடி பெட்டிக்கு அடித்தகடு முப்பத்தொண்ணரை சதுர அடி, நாலு பக்கமும் சேந்து 29 சதுர அடி வருது. அடி 4 எம்எம், பக்கம் 3 எம்எம்னா தகடு மட்டும் 155 கிலோ. அடியில இருக்கற 4 இஞ்ச் சானல் மீட்டருக்கு ஒம்போதரை கிலோ பக்கம், 3 இஞ்ச் சானல் 7 கிலோ பக்கம், நீளத்த அளந்து பெருக்கிக்கோங்க. தகட்டுக் கனத்துக்கு ஓரத்துல ஒரு வெர்னியர் (கனம் அளக்கற கருவி) வெச்சுப் பாருங்க, பெயிண்ட் கனத்தக் கழிச்சுட்டு. 4 எம்எம்முனு சொல்லி வித்தது அளந்தா 3கூட இல்லாம இருந்தத நான் பாத்திருக்கேன்.

எடை தெரிஞ்சதும் டயர் ட்யூப் எடையக் கழிச்சுட்டு, உங்க ஊர் இரும்புக்கடையில அன்னைக்கு என்ன ரேட்டுக்கு எடுக்கறாங்கன்னு கேட்டு பெருக்குங்க. பேச்சுக்கு 640 கிலோ பெட்டி, டயர் 40 போக 600, கிலோ 35ன்னு வெச்சா 21 ஆயிரம். அதுக்குக் கீழ யாரும் குடுக்கமாட்டாங்க, கேட்டுட்டு அவங்க மனச நோகடிக்கவும் வேண்டாம்.

மேல்கோடு: பட்டறையில ஒரு கொட்டேஷன்

நம்ம பக்கம் இதுக்கு குறைச்சலே இல்லீங்க. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி, ரிக் வண்டி கட்டற ஊரு, கரூர்ல பஸ் பாடி, கோயமுத்தூர்ல எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் ஒரு லேத்து. கோபி, பொள்ளாச்சி, தாராபுரம்னு சின்ன ஊர்லகூட டிராக்டர் டிரைலர் கட்டற பட்டறை ரெண்டு மூணு இருக்கும். ரெண்டு பட்டறைக்குப் போய் "இந்த நீளம், இந்த அகலம், அடி 4 எம்எம், ஜாக்கி வெச்சு டிப்பர், புது டயர், என்ன ஆகும்"னு கேளுங்க. மொத்தமா ஒரு நம்பர் சொன்னா வாங்கிட்டு வந்துராதீங்க, பிரிச்சுக் கேளுங்க. பெட்டியும் சேசிஸும் கூலியோட எவ்வளவு, அச்சு, சக்கர ஹப்பு, ஸ்பிரிங் பட்டை எவ்வளவு, ஜாக்கியும் எண்ணெய் போற ஓஸ் பைப்பும் எவ்வளவு, டிஸ்க் (டயர் மாட்டற இரும்புச் சக்கரம்) டயர் எவ்வளவு. இந்த நாலு நம்பரும் கையில இருந்தாத்தான் பழையத அளக்க முடியும். இது இல்லாமப் போறது தராசு இல்லாம சந்தைக்குப் போற மாதிரி.

பட்டறைக்காரர்கிட்ட இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. அடித்தகடு மட்டும் மாத்த என்ன ஆகும், ஜாக்கி சீல் மாத்த என்ன ஆகும், ஹப்பு பேரிங் ரெண்டு பக்கமும் மாத்த என்ன ஆகும். ஒரு சீட்டுல எழுதி சட்டைப்பையில வெச்சுக்கோங்க.

ஆன்லைன்ல போட்டிருக்கற விலையெல்லாம் கேக்கற விலை, வித்த விலை இல்ல. அத வெச்சு மேல்கோடு போடாதீங்க. அதுல ஒரே ஒரு உபயோகம் உண்டு. புடிச்ச விளம்பரம் ரெண்டு மூணுக்கு நம்பர் குறிச்சு வெச்சு ரெண்டு வாரம் கழிச்சு கூப்புட்டு "வித்துப்போச்சுங்களா, எவ்வளவுக்குங்க போச்சு"ன்னு மரியாதையாக் கேளுங்க. வித்துட்டவர் பெரும்பாலும் உண்மையச் சொல்லிருவார், அவருக்கு மறைக்க ஒண்ணுமில்ல. நம்ம கண்ணபுரம், அந்தியூர் மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சு விலை பேசறாங்க பாருங்க, நிக்கறவங்களுக்கு கடைசி விலை தெரியாது. டிப்பர் விலையும் அந்த மாதிரிதான், வாங்கினவர் வித்தவர் ரெண்டு பேருக்குத்தான் தெரியும், அதனால கேட்டே தீரோணும்.

அடித்தகடு: இங்கதான் காசு போகுது

நான் மொத மொதல்ல வாங்கின டிப்பர் கோழி எரு அடிச்ச வண்டி. பல்லடத்துப் பக்கம் ஒரு தோட்டத்துல நின்னுச்சு, அப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க, வாசம்கூட போகல. அந்த வாசத்துக்கே எனக்கு சந்தேகம் வந்திருக்கோணும். மூணாவது வாரம் எம்சேண்ட் ஏத்திட்டு வர்றப்ப முன்மூலையில அடித்தகடு கிழிஞ்சு ரோட்டுல கோடு போட்ட மாதிரி மணல் கொட்டிட்டே வந்திருக்குது, பின்னால வந்த பைக்காரர் ஹாரன் அடிச்சு சொல்லித்தான் தெரிஞ்சுது. பெட்டியக் காலி பண்ணி கீழ படுத்துப் பாத்தா, சானல் மேல தகடு உக்கார்ற எடமெல்லாம் அப்பளமாட்ட ஆயிருச்சு, அதுக்கு மேல பட்டி போட்டு தேச்சு பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. அடி முழுக்க மாத்தி, ரெண்டு குறுக்குச் சானலும் மாத்தி, வாங்கின விலையில பாதிக்கு மேல செலவு. அன்னைக்கு நான் பெயிண்டுக்கு காசு குடுத்திருந்தேன், தகட்டுக்குக் குடுக்கல.

கோழி எருவுலயும் ரசாயன உரத்துலயும் உப்பும் அமோனியாவும் இருக்குது, ஈரம் சேந்தா இரும்ப சீக்கிரம் திங்கும். மாட்டுக் குப்பையும் ஈரத்தோட ராத்திரி முழுக்க பெட்டியில கெடந்தா அதேதான். அதனால பெட்டி இதுக்கு முன்னால என்ன ஏத்துச்சுன்னு கேளுங்க. செங்கல், தேங்காய் ஏத்தினதுன்னா தகடு நசுங்கி இருக்கலாம், ஆனா பெரும்பாலும் உள்ளுக்கு அரிச்சிருக்காது. சூளைக்கு மண்ணு அடிச்சதுன்னா தகடு தேஞ்சிருக்கும், சேசிஸ் வளைஞ்சிருக்கும்.

பாக்கற விதம் இதுதான். 12 நம்பர் ஸ்பேனர் ஒண்ண எடுத்து அடித்தகட்ட கட்டம் கட்டமா தட்டிட்டு வாங்க. நல்ல தகடு "ணங்"னு கேக்கும், அரிச்ச எடம் "டொப்"புன்னு செத்த சத்தம் குடுக்கும், பட்டி போட்ட எடம் மண்சுவத்தத் தட்டின மாதிரி இருக்கும். ஒரு சின்ன காந்தம் கொண்டுட்டுப் போனா இன்னும் நல்லது, பட்டிக்கு மேல காந்தம் ஒட்டாது, இல்லைன்னா ஒட்டியும் ஒட்டாம நழுவும். முக்கியமா நாலு மூலை, பின்டோர் ஓரம், அப்புறம் கீழ படுத்து தகடும் சானலும் சேர்ற எடம். அங்க துரு இலை இலையா உரிஞ்சு வந்தா அந்தச் சானலும் போச்சுன்னு வெச்சுக்கோங்க. மேலாப்புல இருக்கற செந்துரு பரவாயில்லை, கம்பி பிரஷ்ல தேச்சா போயிரும், பெயிண்ட் இல்லாம துருவோட நிக்கற பெட்டிய நான் சந்தோசமாப் பாப்பேன், ஏன்னா அது எதையும் மறைக்கல.

சேசிஸ், அச்சு, சக்கரம்

சேசிஸ் சானல் ஓரத்துல ஒரு நூலு புடிங்க, முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர். நூலுக்கும் சானலுக்கும் நடுவுல சந்து வந்தா ஓவர்லோடு ஏத்தி வளைஞ்சது. பெட்டிக்கு மூலைக்கு மூலை குறுக்க டேப் புடிச்சுப் பாருங்க, ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கோணும், அரை இஞ்ச் வித்தியாசம் பட்டறையிலயே வந்திருக்கலாம், ரெண்டு இஞ்ச்னா எங்கியோ கவுந்து எந்திரிச்ச பெட்டி. முன்னால கொக்கி வர்ற ஏ பிரேம்ல வெல்டிங் மேல வெல்டிங் போட்டு பட்டை வெச்சு ஒட்டியிருந்தா அது ஒரு தடவ முறிஞ்சது, மறுபடியும் முறியும். பின் போடற ஓட்டை வட்டமா இருக்குதா, முட்டையாட்ட நீண்டு போச்சான்னு பாருங்க.

அச்சுக்கு, ஒரு பக்கம் டயர் மாத்தற ஜாக்கி வெச்சு சக்கரத்த தரையில இருந்து தூக்கி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா பேரிங் இல்லைன்னா டைட் வெக்காம விட்டது. கையால சுத்தி விட்டு காதக் குடுங்க, கரகரன்னா பேரிங் போச்சு. சக்கரம் சுத்தறப்ப வளைஞ்சு வளைஞ்சு போனா டிஸ்க் நெளிஞ்சது. டயர் ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அச்சு வளைஞ்சிருக்குது. சிலதுல பழைய டயர் மாட்டுவண்டி அச்சையே போட்டு டிப்பர் கட்டியிருப்பாங்க. மாடு இழுக்கற வேகத்துக்கும் எடைக்கும் அது சரி, டிராக்டர் வேகத்துல ஒண்ணரை டன்னுக்கு அது வேண்டாமுங்க, அந்த மாதிரி பெட்டிக்கு அச்சு விலைய பூஜ்யம்னு போட்டுக்கோங்க.

டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள இருக்கும். 2319னு இருந்தா 2019ம் வருசம் 23வது வாரத்துல செஞ்சது. பட்டன் முழுசா இருக்குதுன்னு சொல்வாங்க, ஆனா வெயில்ல நின்னு பக்கம் வெடிச்சிருந்தா அந்தப் பட்டனுக்கு மதிப்பே இல்ல. ரெண்டு டயரும் ஒரே அளவான்னும் பாருங்க, ஒரு பக்கம் 6.00-16, இன்னொரு பக்கம் 7.50-16ன்னு மாட்டி வித்த பெட்டியும் உண்டு.

ஜாக்கிய அவசரமில்லாம பாருங்க

அவங்க டிராக்டர்லயே மாட்டித் தூக்கச் சொல்லுங்க, ஜாக்கியில இருக்கற பழைய எண்ணெய் உங்க டிராக்டருக்குள்ள போக வேண்டாம். காலிப் பெட்டிய தூக்கிக் காட்டினா போதாது, கொஞ்சம் மண்ணாச்சும் போட்டுத் தூக்கோணும். முழுசா மேல போகுதா, 45 டிகிரி பக்கமாச்சும் சாயுதா, திக்கித் திக்கிப் போகுதா. ஈரக் குப்பைக்கு அந்தச் சாய்வு இல்லைன்னா பாதி பெட்டியிலயே ஒட்டிக்கும், பொறவு ஆள் ஏறி மம்முட்டியில தள்ளோணும்.

போன சித்திரையில காங்கயம் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெரியவர் ஒருத்தர், அவரே ஓட்டி அவரே பராமரிச்ச பெட்டி. தூக்கிக் காட்டிட்டு உடனே எறக்கப் போனார். "ஏனுங்க மாமா, சித்த நேரம் தூக்கியே வெச்சிருக்கலாங்களா?"ன்னு கேட்டேன். "வெச்சுப் பாருங்க தம்பி, எனக்கென்ன அவசரம்"னார். சேசிஸுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு வேப்பங்கட்டைய ஓரமா, பெட்டியத் தொடாம முட்டுக்கு நிறுத்தி வெச்சுட்டு, ஜாக்கி ராடு வெளிய வர்ற எடத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டேன். வேப்பமரத்தடியில உக்காந்து மோர் குடிச்சுட்டு கால் மணி நேரம் கழிச்சுப் போய்ப் பாத்தா கோடு உள்ள போயிருச்சு, ரெண்டு வெரல் அளவுக்கு ராடு எறங்கியிருந்துச்சு. ராடச் சுத்தி எண்ணெய் ஒரு வளையமா நின்னு கீழ சொட்டிட்டு இருந்துச்சு. அவரே குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டு "சீலு போயிருச்சாட்ட இருக்குதே தம்பி"ன்னார். நான் ஒரு வார்த்தை விலையப் பத்திப் பேசல, சட்டைப்பையில இருந்த சீட்டக் காட்டினேன், சீல் மாத்தற கூலிய அவரே கழிச்சுக்கச் சொல்லிட்டார்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்குது. நம்ம டிப்பர் ஜாக்கியில பெரும்பாலானது ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் தள்ளற ஜாக்கி, எறங்கறது பெட்டியோட சொந்த எடையில. அந்த மாதிரி ஜாக்கியில சீல் போனா எண்ணெய் வெளியதான் வந்தாகோணும். வெளிய ஒரு சொட்டுகூட இல்லாம பெட்டி மட்டும் எறங்குதுன்னா தப்பு ஜாக்கி மேல இல்ல, டிராக்டர் வால்வுல எண்ணெய் திரும்பிப் போகுது. அத ஜாக்கி ரிப்பேர்னு சொல்லி விலை குறைக்கறது நியாயமில்லீங்க. விக்கறவருக்கும் நியாயம் இருக்கோணும்.

சீல் மாத்தறது சின்னச் செலவு. ஆனா ராடு மேல இருக்கற குரோம் உரிஞ்சு குழி விழுந்திருந்தா புது சீல் போட்டாலும் ரெண்டு மாசத்துல கிழிஞ்சிரும். வெரல் நகத்த ராடு மேல நீளவாக்குல ஓட்டிப் பாருங்க, நகம் தட்டுச்சுன்னா கோயமுத்தூர் கொண்டுட்டுப் போய் மறுபடி குரோம் ஏத்தோணும், இல்லைன்னா ஜாக்கியே மாத்தோணும். மழையில பெட்டியத் தூக்கியே விட்டு வெச்ச வண்டியில இது நெறைய வரும். பெட்டி திரும்பற பின்னு ரெண்டும் தேஞ்சு ஓட்டை பெருசாயிருந்தா தூக்கும்போது பெட்டி ஒரு பக்கம் சாயும், பின்னால நின்னு பாத்தா தெரியும்.

உங்க டிராக்டருக்கு அந்த ஜாக்கி பொருந்துமான்னும் கணக்குப் போடுங்க. 80 எம்எம் உள்விட்டம், 60 சென்டிமீட்டர் ஓட்டம்னா 3 லிட்டர் எண்ணெய் உள்ள போகுது. சின்ன டிராக்டர்ல அந்த 3 லிட்டர் வெளிய போனா மீதி எண்ணெய் பம்புக்கு எட்டுதான்னு உங்க மெக்கானிக்குகிட்ட கேட்டுக்கோங்க. பெரிய டிராக்டருக்குக் கட்டின ஜாக்கிய சின்ன டிராக்டர்ல மாட்டிட்டு "தூக்கமாட்டேங்குது"ன்னு சொல்றவங்களுக்கு பல சமயம் காரணம் இதுதான்.

ஒண்ணு மறக்காதீங்க, ஜாக்கிய நம்பி மட்டும் தூக்கின பெட்டிக்கடியில தலைய விடாதீங்க. ஓஸ் பைப் வெடிச்சா நிமிசத்துல பாதிகூட ஆகாது. மொத முட்டு, பொறவு ஆராய்ச்சி.

ஆர்சி இருக்குதா?

டிரைலருக்கும் தனி ஆர்சி, தனி நம்பர் உண்டு, டிராக்டர் ஆர்சியக் காட்டி இதுதான்னு சொன்னா ஒத்துக்காதீங்க. சேசிஸ் நம்பர் சானல்ல குத்தியிருக்கும், மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சு ஆர்சியில இருக்கற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. எம்பரிவாகன் ஆப்புல (அரசோட வண்டிப் பதிவு ஆப்) நம்பர் போட்டு, வர்ற வெவரம் ஆர்சியோட ஒத்துப் போகுதான்னு பாருங்க, பேங்க் கடன் நிக்குதான்னும் விசாரிச்சுக்கோங்க. கடன் இருந்தா பேங்க் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) 35ம் நம்பர் பாரமும் வேணும், பேரு மாத்த 29, 30 பாரம். ஆர்சியில பேர் இருக்கறவர் உசுரோட இல்லாம மகன் விக்கறார்னா வாரிசுச் சான்று வேலை முடியற வரைக்கும் முழுப் பணம் குடுக்காதீங்க.

ஆர்சி இல்லாத பெட்டி நம்ம பக்கம் நெறைய நிக்குது, "தோட்டத்துக்குள்ளதானே ஓட்டப் போறீங்க"ம்பாங்க. தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக ரோட்டத் தாண்டித்தானே ஆகோணும். ரோட்டுல ஒரு விபத்துன்னா டிரைலர் பாலிசியில சேத்திருக்குதான்னுதான் இன்சூரன்ஸ்காரர் மொதல்ல பாப்பார். அதனால ஆர்சி இல்லைன்னா நான் அத ஓட்டற பெட்டியா விலை போடறதில்ல, பிரிச்சு எடுக்கற சாமானாத்தான் போடுவேன், கீழ்க்கோட்டுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

இப்ப கணக்கு

நம்பர் எல்லாம் பேச்சுக்கு, உங்க ஊர் கொட்டேஷன மாத்திப் போட்டுக்கோங்க. புதுசு மொத்தம் ஒண்ணரை லட்சம்னு சொல்றாங்க. பெட்டியும் சேசிஸும் 80 ஆயிரம், அச்சு ஹப்பு பட்டை 25, ஜாக்கி ஓஸ் 20, டிஸ்க் டயர் 25.

நீங்க பாத்த பழைய பெட்டியில தகடு பாதி ஆயுசு இருக்குது, 40 ஆயிரம். அச்சு நேரா இருக்குது, நல்லது, பத்துக்கு எட்டு போட்டு 20 ஆயிரம். ஜாக்கி ராடு சுத்தம், வயசாயிருச்சு, 12 ஆயிரம். டயர் ரெண்டும் மொட்டை, டிஸ்க் மட்டும் உபயோகம், 3 ஆயிரம். கூட்டினா 75. அதுல உடனே பண்ணியாகோணும்கற வேலை, பேரிங், டோர் கொண்டி, கொண்டுட்டு வர்ற டீசல் எல்லாம் 7 ஆயிரம்னா 68. இதுதான் நியாய விலை. இங்க ஒரு தப்பு எல்லாரும் பண்றாங்க. டயர் மொட்டைன்னு 3 ஆயிரம் போட்டாச்சு, மறுபடியும் "டயர் மாத்த 20 ஆகும், அதக் கழிங்க"ன்னு கேப்பாங்க. ஒரே குறைக்கு ரெண்டு தடவ கழிக்கக்கூடாது, விக்கறவர் வெவரமானவரா இருந்தா அங்கயே பேச்ச முடிச்சிருவார்.

அப்ப 60ல ஆரம்பிச்சு 68, மனசுக்குப் புடிச்சிருந்தா 70 வரைக்கும் போகலாம். 85 சொன்னவர் 80க்கு வந்தா அது குறைச்ச மாதிரி தெரியும், ஆனா உங்க கணக்குக்கு இன்னும் 10 ஆயிரம் ஜாஸ்திதான், வணக்கம் சொல்லிட்டு வந்துருங்க.

அந்தக் காலத்து கனமான பெட்டிக்கு தனி விலை உண்டான்னு கேப்பாங்க. 5 எம்எம் அடி போட்டு, ரிவிட் அடிச்சு, லாரி பட்டை வெச்சு கட்டின பழைய பெட்டி இன்னும் சில தோட்டத்துச் சாளையில நிக்குது. அதுல தகடு கனம் மிச்சம் இருந்தா கணக்குலயே தானா வந்துரும், தனியா பழமைக்குன்னு காசு வேண்டாம். ஆனா அந்த மாதிரி பெட்டி காலி எடையே 200 கிலோ ஜாஸ்தி இருக்கும், சின்ன டிராக்டருக்கு அந்த 200 கிலோ ஒவ்வொரு நடையும் சுமக்கற சுமை.

எப்ப வாங்கறது, எப்படிப் பேசறது

ஆடிப்பட்டத்துக்கு முன்னால எல்லாரும் குப்பை அடிப்பாங்க, கோடையில ஏரி குளத்துல வண்டல் எடுக்க அனுமதி வரும், அந்தச் சமயத்துல டிப்பர் கேக்கறவங்க ஜாஸ்தி. ஐப்பசி, கார்த்திகை மழையில பெட்டி சும்மா நிக்கும், அப்பப் போங்க. மழையில போனா இன்னொரு லாபம், பெட்டிக்குள்ள தண்ணி எங்க நிக்குது எங்க ஒழுகுதுன்னு நேராவே தெரிஞ்சிரும்.

புரோக்கர் இருந்தா அவர் கமிஷன் யாரு குடுக்கறதுன்னு மொதல்லயே பேசிருங்க. குறையச் சொல்லும்போது பெட்டிய மட்டம் தட்டிப் பேசாதீங்க, அது அவர் தோட்டத்துல பத்து வருசம் ஒழைச்ச சாமான். "மாமா, அடியில இந்த எடத்துல தட்டிப் பாருங்க, இந்தச் சானல் மாத்தோணும், பட்டறையில இவ்வளவு சொல்றாங்க"ன்னு கைய வெச்சுக் காட்டினா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அட்வான்ஸ் ஒரு சின்னத் தொகை, ஒரு பேப்பர்ல நம்பர், சேசிஸ் நம்பர், விலை, மீதி எப்ப, ரெண்டு பேர் கையெழுத்து. மீதி ஆர்சியும் கையெழுத்துப் போட்ட பாரமும் கைக்கு வந்த பொறவு.

ஊட்டுக்கு வந்ததும்

உங்க டிராக்டர் ஓஸ மாட்டறதுக்கு முன்னால ஜாக்கியில இருக்கற பழைய எண்ணெய முழுசா வடிச்சிருங்க. பெட்டிய வேற டிராக்டர்ல மாட்டிக் கொண்டுட்டு வரலாம், உங்க வண்டியில கொண்டுட்டு வந்தா ஹைட்ராலிக்க இணைக்காம வெறுமனே இழுத்துட்டு வாங்க. ஜாக்கிக்குள்ள இருக்கற எண்ணெய் பால் காப்பி கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்குது, அது அப்படியே உங்க டிராக்டர் ஹைட்ராலிக்குக்குள்ள போனா பம்பு வால்வு ரெண்டையும் கெடுக்கும். வடிச்சுட்டு, ஓஸ் மாட்டற கப்ளரத் தொடச்சு, உங்க கம்பெனி சொல்ற எண்ணெயையே ஊத்தி காலிப் பெட்டிய நாலஞ்சு தடவ ஏத்தி எறக்கி காத்த வெளிய விடுங்க, டிராக்டர்ல எண்ணெய் மட்டம் பாத்து குறைஞ்சத ஊத்துங்க. ஹப்பு ரெண்டும் கழட்டி பழைய கிரீஸத் தொடச்சு புதுசு வெச்சு, திரும்பற பின்னுக்கும் கிரீஸ் அடிச்சு, சக்கர நட்ட மொத லோடு முடிஞ்சதும் இன்னொரு தடவ டைட் வெச்சிருங்க.

கோழி எருவோ உரமோ ஏத்தின அன்னைக்கு பொழுதோட பைப்பு புடிச்சு பெட்டியக் கழுவி, பின்டோரத் தெறந்து, தண்ணி வடியற மாதிரி லேசா சாய்ச்சு, முட்டுக் குடுத்து நிறுத்துங்க. காஞ்சதும் காலையில எறக்கி வெச்சிருங்க, ராடு வெளிய நீட்டிட்டு நிக்க வேண்டாம்.